பெல்ஜியம் வழியாகப் போகாத மாலைப் பேருந்து

பெல்ஜியம் நாட்டில் தேர்தல் முடிந்தும் ஒன்றரை ஆண்டுக் காலம் அரசு அமையாமல் இருந்தபோது, அதற்காக உலகத்திலேயே அதிகம் கவலைப்பட்டவன் கொல்லிமலையில் இருந்த நான்தான். வெட்கத்தோடுதான் இதை ஒப்புக்கொள்கிறேன். அந்த நாட்டுக்காரர்களே அவ்வளவு கவலைப்படவில்லை என்று பிற்பாடு படித்தேன். நானோ ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்துவிட்டேன். வயிற்றில் புண்ணோ என்று பயந்து என் மனைவி மருத்துவரிடம் கூட்டிப் போனாள். "வேலையில் ஏதாவது மனக்கஷ்டமா?" என்று அவர் கேட்டார். "டச்சுக் கட்சிகளுக்கும் பிரெஞ்சுக் கட்சிகளுக்கும் ஒத்துப்போகவில்லை" என்றேன். அவர் என்னை விட்டுவிட்டு என் மனைவியைப் பார்த்தார். பிறகு தூக்கத்துக்கு மாத்திரை எழுதினார்.

பெல்ஜியத்தை நான் பார்த்ததில்லை. பாஸ்போர்ட்டே கிடையாது. ஆனால் மலைமேல் ஓர் அரசுப் பள்ளியில் அரசியல் அறிவியல் ஆசிரியனாக இருந்த காலமெல்லாம், அந்நாட்டில் எந்த ஊர்க்காரன் எந்தக் கட்சிக்கு வாக்களிப்பான், ஏன் அளிப்பான் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். நம் தொகுதியில் யார் ஜெயிப்பார் என்று ஆசிரியர் அறையில் பந்தயம் கட்டுவார்கள். என்னை மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். "அவருக்கு வெளிநாட்டு இலாகா" என்று சொல்லிவிடுவார்கள்.

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கீழே இறங்கி, இனி அந்த நாட்டுக்கும் எனக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று இருந்தேன். போன மாதம் ஸ்டெல்லா டீச்சர் தொலைபேசியில் அழைத்தார். என் இடத்துக்கு வந்திருப்பவர், மலைக்குக் கீழே சமவெளிக்காரர், சின்ன வயது. அரசியல் அறிவியல் பிரிவில் சேரும் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள், பிரிவையே மூடிவிடுவார்கள் போலிருக்கிறது, பாடத்தைச் சுவாரசியமாக நடத்திக் காட்டினால் நாலு பேர் கூடச் சேர்வார்கள் என்பது அவர் நம்பிக்கை.

"சார், பெல்ஜியம் பாடத்தை நீங்க நடத்த மாட்டீங்களாம், நடிச்சே காட்டுவீங்களாமே? பழைய பிள்ளைங்க இன்னும் சொல்லிட்டிருக்காங்க. எப்படின்னு எழுதி அனுப்புங்க சார், நானும் செய்யறேன்."

செய்யாதீர்கள் என்று ஒரே வரியில் பதில் அனுப்பியிருக்கலாம். எதையும் ஒரு வரியில் முடித்து எனக்குப் பழக்கமில்லை.

நான் ராசிபுரத்துப் பக்கம். எம்.ஏ. அஞ்சல் வழி, பி.எட். அரைத்தூக்கத்தில். அதோடு நிறுத்தியிருந்தால் நல்ல ஆசிரியனாக இருந்திருப்பேன். ஆராய்ச்சிப் படிப்பில் பகுதிநேரமாகப் பதிவு செய்தேன். எங்கள் மாவட்டத்து உள்ளாட்சித் தேர்தல்களை ஆராய ஆசைப்பட்டேன். என் வழிகாட்டிப் பேராசிரியர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "உள்ளூரை எடுத்தா, தெரிஞ்சவன் பத்து பேர் வந்து தப்புன்னு சொல்லுவான். யாரும் போய்ச் சரிபார்க்க முடியாத நாடா எடு" என்றார். பெல்ஜியத்தை எடுத்தேன். அவர் ஓய்வு பெற்றார். ஆய்வேடு முடியவில்லை. பெல்ஜியம் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. பிறகு வேலை வந்தது. எழுபது வளைவுகளில் பாதிக்கு மேல் வாந்தி எடுத்து, மலை ஏறி, மஞ்சள் முகத்தோடு பணியில் சேர்ந்தேன்.

பாடத்தை நான் நடத்தும் முறை இது. முதல் நாள் கரும்பலகையில் அந்த நாட்டின் வரைபடத்தைப் போட்டு, குறுக்கே ஒரு கோடு. கோட்டுக்கு வடக்கே டச்சு பேசுகிறவர்கள். தெற்கே பிரெஞ்சு பேசுகிறவர்கள். வடக்குக்குள்ளேயே தீவு மாதிரி தலைநகரம் பிரஸ்ஸல்ஸ். அங்கே இரண்டும் உண்டு. கிழக்கு ஓரத்தில் கொஞ்சம் பேர் ஜெர்மன் பேசுகிறார்கள். அவர்களை யாரும் ஒன்றும் கேட்பதில்லை, அவர்களும் யாரையும் ஒன்றும் சொல்வதில்லை.

இரண்டாம் நாள் கட்சிகள். ஒரு காலத்தில் அங்கே பெரிய கட்சிகள் நாடு முழுவதற்கும் பொதுவாக இருந்தன. மொழிச் சண்டை முற்றியபோது ஒவ்வொரு கட்சியும் நடுவில் கிழிந்து இரண்டானது. சோஷலிஸ்டுகள் இரண்டு, தாராளவாதிகள் இரண்டு, கிறிஸ்தவ ஜனநாயகவாதிகள் இரண்டு. கொள்கை ஒன்றுதான், பேசும் வாய் வேறு. வடக்கே இருப்பவனின் வாக்குச்சீட்டில் தெற்குக் கட்சியின் பெயரே இருக்காது. தெற்கே இருப்பவனுக்கும் அப்படித்தான். அடுத்த மொழிக்காரர் பிரதமராக வந்து, அவரை உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று வையுங்கள். எதிர்த்து ஓட்டுப் போடக்கூட வழியில்லை. பிரஸ்ஸல்ஸில் இருப்பவன் மட்டும் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தேர்ந்துகொள்ளலாம். ஓட்டுப் போடுவது அங்கே சட்டப்படி கட்டாயம் என்பது வேறு.

மூன்றாம் நாள், யார் எங்கே சாய்கிறார்கள் என்பது. முன்பு நிலக்கரியும் இரும்பாலைகளும் தெற்கில் இருந்தன. தெற்கு செழித்தது, வடக்கு பஞ்சத்தில் கிடந்தது. சுரங்கங்களை மூடியதும் நிலைமை தலைகீழானது. வேலை போன தெற்கு இடதுசாரிகளுக்கு ஓட்டுப் போட்டது. புதிதாகச் சம்பாதித்த வடக்கு வலது பக்கம் நகர்ந்தது. 'நம்ம பணத்தை அவங்க தின்கிறாங்க' என்று சொல்கிற கட்சிக்கு அங்கே கூட்டம் சேர்ந்தது. இப்படி எதிரும் புதிருமாக வாக்களிக்கிற இரண்டு பாதிகளிலிருந்தும் சேர்த்து ஒரே அரசை அமைக்க வேண்டும். அமைச்சரவையில், பிரதமரை விட்டுவிட்டால், இரு மொழிக்காரர்களும் சரிபாதி. முக்கியமான சில சட்டங்களுக்கு மொத்தத்தில் பெரும்பான்மை போதாது, இரண்டு மொழிக் குழுவிலும் தனித்தனியே வேண்டும். ஒரு தீர்மானம் தங்கள் மொழிக்காரர்களுக்குக் கேடு என்று ஒரு குழுவில் முக்கால்வாசிப் பேர் கருதினால் அதை நிறுத்தி வைக்கலாம். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அபாய மணி.

மொழிச் சண்டையில் ஒரு பல்கலைக்கழகத்தையே பிரித்தபோது, நூலகத்துப் புத்தகங்களை ஒற்றைப்படை எண் இவர்களுக்கு, இரட்டைப்படை எண் அவர்களுக்கு என்று பங்கு போட்டார்கள் என்பதையும் சொல்வேன். "அப்ப கதைப் புத்தகத்துல ரெண்டாம் பாகம் யாருகிட்டங்க சார் இருக்கும்?" என்று ஆண்டுதோறும் யாராவது ஒரு பிள்ளை கேட்கும். அதுவரை வகுப்பு நல்லபடியாகத்தான் போகும்.

இனி என் தலைமையாசிரியரைச் சொல்ல வேண்டும். பெயர் மாணிக்கம். மலைக் குளிருக்குக் குரங்குக் குல்லாவும் கழுத்தைச் சுற்றி ஒரு துண்டும் எந்த மாதத்திலும் உண்டு. அவர் வாயிலிருந்து 'முடியாது' என்ற சொல் வந்து யாரும் கேட்டதில்லை, 'சரி' என்ற சொல்லும் வந்ததில்லை. எந்தக் காகிதம் மேசைக்குப் போனாலும் ஓரத்தில் பச்சை மையால் 'பேசுக' என்று எழுதித் திருப்பி அனுப்புவார். என் சம்பள உயர்வுக் கோப்பிலும் அதுதான் எழுதினார், கழிவறைக் கதவு விழுந்த செய்தியிலும் அதுதான். சண்டை என்று இரண்டு பேர் வந்தால் எதிரெதிரே உட்கார வைத்து, பிளாஸ்கில் இருக்கும் மிளகுத் தண்ணீரை மூடியில் ஊற்றி ஆளுக்கு ஒரு வாய் கொடுப்பார். அந்தக் காரத்தில் கண்ணில் நீர் வந்து, மூக்கைச் சிந்தி, எதற்கு வந்தோம் என்பது மறந்து இருவரும் எழுந்து போவார்கள். எத்தனையோ வழக்கை அந்த மூடி தீர்த்திருக்கிறது. பெல்ஜியத்து மன்னர் வேலையும் ஏறக்குறைய இதேதான் என்று அவரிடம் ஒருமுறை சொன்னேன். "அவருக்கும் சளித் தொந்தரவுங்களா?" என்று கேட்டார்.

பெல்ஜியத்தில் ஒருவழியாக அரசு அமைந்த பிறகு ஒரு வருடம், மாலையில் பள்ளி விடும் நேரத்துக்கு வந்து செம்மேட்டோடு நின்றுவிடும் பேருந்தை இன்னும் கொஞ்சம் தூரம் நீட்டிக்கலாம் என்று பணிமனைக் கிளை மேலாளர் நேரில் வந்து சொன்னார். ஒரு பக்கம்தான் நீட்ட முடியும். எங்கள் மலையில் பல ஊர்கள் சேர்ந்த பகுதியை 'நாடு' என்பார்கள். ஒன்று ஆலத்தூர் நாட்டுக் கிராமங்கள் வழி. இல்லாவிட்டால் திண்ணனூர் நாட்டு வழி. "எந்தப் பக்கம்னு பள்ளிக்கூடத்துல இருந்து ஒரே மனுவாக் குடுத்துடுங்க. ரெண்டு மனு வந்துச்சுன்னா நான் ரெண்டையும் தொட மாட்டேன். மாசக் கடைசிக்குள்ள வேணும்" என்றார். மிளகுத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். "நான் ஒரு பக்கம் கை காட்டினா இன்னொரு பக்கத்துக்காரங்க என்னைய இந்த மலையில நிம்மதியா இருக்க விடுவாங்களா? நீங்கதான் வெளிநாட்டுக் கவர்மெண்டெல்லாம் வகுப்புல நடத்துறீங்களே. பிள்ளைங்களையே முடிவு பண்ணச் சொல்லுங்க. அவங்க எழுதிக் குடுத்தா நான் கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார். பாடத் திட்டக் குறிப்பேட்டில் பச்சை மையில் ஒரு 'பேசுக'.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை என் வகுப்புத் தேர்தல்களில் மிட்டாய்க்கும் வகுப்புத் தலைவர் பதவிக்கும்தான் போட்டி. இப்போது உண்மையான அதிகாரம், உண்மையான பேருந்து. பதினொன்றும் பன்னிரண்டும் சேர்ந்து பெல்ஜியம் ஆகிவிட்டன. எண்ணிக்கையில் அதிகமாக இருந்த ஆலத்தூர் நாட்டுப் பிள்ளைகள் டச்சுக்காரர்கள். திண்ணனூர் நாட்டுப் பிள்ளைகள் பிரெஞ்சுக்காரர்கள். ஊழியர் குடும்பத்துப் பிள்ளைகளும் விடுதிப் பிள்ளைகளும் பிரஸ்ஸல்ஸ். பைல் நாட்டிலிருந்து வந்த சிலரைக் கிழக்கு ஓரத்து ஜெர்மன்காரர்களாக்கி ஜன்னலோரம் உட்கார வைத்தேன்.

"சார், எங்களுக்குப் பஸ்ஸே வேண்டாங்க. நாங்க வேற வழிங்க" என்றான் அவர்களில் ஒருவன்.

"அதுதாண்டா ஜெர்மன்" என்றேன். குறித்துக்கொண்டான்.

கட்சிகள் பிறந்தன. ஆலத்தூர் விளையாட்டுக் கட்சி, திண்ணனூர் விளையாட்டுக் கட்சி. இரண்டுக்கும் வேண்டியது ஒரே வாலிபால் வலை. ஆலத்தூர் முட்டைக் கட்சி, திண்ணனூர் முட்டைக் கட்சி; இரண்டும் முட்டையை வறுத்துப் போடச் சொல்லிப் போராடின. ஒரே முட்டைக்கு எதற்கு இரண்டு கட்சி என்று கேட்டவர்களை, அதுதான் பாடம் என்று உட்கார வைத்தேன். தேர்தல் நாளன்று இரண்டு பிஸ்கட் டப்பாக்கள். ஆலத்தூர்க்காரர்கள் முன்வாசல் வழியாக வந்து மஞ்சள் சீட்டில், திண்ணனூர்க்காரர்கள் பின்வாசல் வழியாக வந்து நீலச் சீட்டில். பிரஸ்ஸல்ஸ் பிள்ளைகள் வாசலில் நின்று நிறத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். வராதவர்களுக்கு அரசமைப்பு முகவுரையைப் பத்து முறை எழுதும் தண்டனை என்றேன், ஒருவர் விடாமல் வந்து ஓட்டுப் போட்டார்கள். தேர்தல் என்றால் இதுவல்லவா என்று நெஞ்சு நிமிர்ந்தது. அன்று மத்தியானம் சத்துணவுக் கூடத்தில் பிள்ளைகள் இரண்டு வரிசையாக நின்றதைப் பார்த்தும் அது எனக்கு உறுத்தவில்லை.

திண்ணனூர்ப் பக்கம் ஜெயித்து வந்தவர்களில் கோகிலாவும் ஒருத்தி. பதினொன்றாம் வகுப்பு. அவள் ஊர் அந்த வழியில் கடைசி. செம்மேட்டில் இறங்கி, மிளகுக் கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே போய், பிறகு காட்டைக் கடந்து நடக்க வேண்டும். முந்தின வருடம் அந்தப் பாதையில் ஓர் ஆளைக் கரடி பிறாண்டியிருந்தது. அதிலிருந்து அவள் அப்பா சடையன் தினமும் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, பாதி வழிக்குக் கைவிளக்கோடு வந்து நிற்பார். எத்தனை நாளைக்கு அப்படி நிற்பது? இந்த மாதத்தோடு பார்ப்பது, பேருந்து வந்தால் படிப்பு, வராவிட்டால் நின்றுவிடுவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அவள் இதை அழுதுகொண்டெல்லாம் சொல்லவில்லை. இன்றைக்கு மழை வரும் போலிருக்கிறது என்பதைப் போல் சொன்னாள்.

அவளுக்கு என் பாடத்தின்மேல் அவ்வளவு பிடிப்பு இருந்ததற்குக் காரணம் இருந்தது. சாதாரணமாகக் கை தூக்கச் சொல்லியிருந்தால் ஆலத்தூர் வழிதான் ஜெயித்திருக்கும்.

"அவங்க எத்தன பேரா இருந்தாலும் எங்களக் கேக்காம முடிவு பண்ண முடியாதுங்களா சார்?"

"முடியாது. இரண்டு பக்கமும் ஒத்துக்கணும்."

"நல்ல ஊருங்க சார்" என்றாள்.

அந்த நாட்டில் அரசு அமைப்பதற்கு முன்னால், தகவல் திரட்டுபவர், வழி தேடுபவர், சமாதானம் பேசுபவர் என்று மன்னர் வரிசையாக ஆட்களை நியமிப்பார். எங்கள் மன்னரும் நியமித்தார். ஆளுக்கொரு காகிதம், எல்லாவற்றிலும் 'பேசுக'. வழி தேடியவன் வழி கிடைக்கவில்லை என்றான். சமாதானம் பேசப் போனவன் சட்டை கிழிந்து வந்தான். கடைசியில் கோகிலாவை அமைப்பாளராகப் போட்டோம். எதிர்ப்பக்கத் தலைவன் பிரபு. வாலிபாலில் கெட்டிக்காரன், நல்ல உயரம். இருவரும் ஆய்வகத்துக்குப் பின்னால் உட்கார்ந்து பேசினார்கள். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன், பாதியில் நின்ற ஆய்வேட்டுக்கு இப்படியொரு அத்தியாயம் யாருக்குக் கிடைக்கும் என்று.

"பஸ்ஸு உங்களுக்குன்னா எங்களுக்கு என்ன?"

"வாலிபால் வலை உங்க பேருக்கே. சாப்பாட்டு வரிசையில உங்காளுங்கதான் முன்னால. பிரதமரும் நீயே இருந்துக்க."

"வல்வில் ஓரி விழாவுக்கு ஆடப் போறப்ப நாங்கதான் மொத வரிசை."

"ஆடுங்க சாமி. எங்களுக்கு எங்க ஆட வருது? நடந்து நடந்து காலு கழண்டு கெடக்குது."

அவன் சிரித்துவிட்டான். "அந்த வழியிலதான் கரடி இருக்குதாமா?"

"இருக்குது. உனக்கு வேணும்னா அதையும் ஒப்பந்தத்துல சேத்துக்க."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒப்பந்தம் முடிந்தது. திண்ணனூர் வழிக்குப் பேருந்து, மற்றதெல்லாம் ஆலத்தூருக்கு. இரண்டு பக்கமும் கை தட்டினார்கள். மனுவைத் திங்கட்கிழமை காலையில் எழுதிக் கொடுக்கலாம் என்று சொன்னவன் நான். பெல்ஜியத்தில் கட்சி மாநாடுகள் கூடி ஒப்பந்தத்தை ஏற்க வேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டு. இந்தச் சனியும் ஞாயிறும் கட்சி மாநாடு என்று அறிவித்தேன். வெள்ளிக்கிழமையே எழுதி வாங்கியிருக்கலாம். வாங்கியிருந்தால் பாடம் முழுமையாக இருந்திருக்காது.

திங்கட்கிழமை பிரபு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான்.

"எங்கப்பா கேக்குறாருங்க சார், 'ஒரு பந்துக்குப் பஸ்ஸ வித்துட்டு வந்தியாடா'ன்னு. ஊருல ஒருத்தரும் எங்கிட்டப் பேச மாட்டேங்கறாங்க."

"நீ என்ன சொன்ன?"

"வலைங்க, பந்து இல்லீங்கன்னு சொன்னேன். அதுக்குத்தான் அடி."

அன்று பிற்பகல் ஆலத்தூர்க் குழு அபாய மணி அடிக்க உரிமை கோரியது. விதி இருக்கிறது, முக்கால்வாசிக்கு மேல் கையெழுத்தும் இருக்கிறது, நான் அனுமதித்தேன். பிரபு போய்ப் பள்ளி மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டை மூன்று அடி அடித்தான். பள்ளி விட்டுவிட்டது என்று ஆறாம் வகுப்பு முழுக்கப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது. நான் ஆசிரியர் அறைக்குள் நுழைந்து, "பாருங்க, அப்படியே பெல்ஜியம்! ஒரு அட்சரம் பிசகலை!" என்றேன். கணக்கு ஆசிரியர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்:

"அப்படியே பெல்ஜியம்னா, முடிவு எப்ப வரும்?"

"ஒன்றரை வருஷம்கூட ஆகலாம்."

"மாசக் கடைசி வியாழக்கிழமைங்க" என்றார்.

அப்போதுதான் எனக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. இந்த முறை காரணம் பெல்ஜியம் அல்ல.

கோகிலா விடவில்லை. "அந்த லைப்ரரி மாதிரி பண்ணலாங்க சார். ஒரு நாளு அந்த வழி, ஒரு நாளு இந்த வழி. ஒரு நாளு விட்டு ஒரு நாளுன்னா எங்கப்பனுக்குப் பாதி அலைச்சல் மிச்சமாகும்" என்றாள். பிரபுவும் அவன் ஊரில் கேட்டுவிட்டு வந்து சரி என்றான். நான் கிளை மேலாளருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "ஒரே தடம்தான் சார். தினம் ஒரு வழின்னா டிரைவர் என்ன சீட்டுக் குலுக்கிப் பார்த்தா ஓட்டுவாரு?" என்று வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை இரண்டு நாட்டிலிருந்தும் பெரியவர்கள் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். தலைமையாசிரியர் எதிரெதிரே உட்கார வைத்தார். பிளாஸ்கைத் திறந்தார். மூடியில் ஊற்றினார். மிளகு விளைகிற மலையில் பிறந்தவர்கள் அவர்கள். கீழ்நாட்டுக்காரர்களின் கண்ணில் நீர் வரவைத்த அந்தக் காரத்தைத் தண்ணீர் மாதிரி குடித்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க சார்" என்று வாங்கிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்கள். பிளாஸ்க் காலியான பிறகும் தொடர்ந்தார்கள். அவர் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தார். குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தலை அவ்வளவு வழுக்கை என்று அன்றுதான் எனக்குத் தெரியும்.

கோகிலா வாசலில் நின்றிருந்தாள். அவளை உள்ளே கூப்பிட்டுப் பேசச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்.

புதன்கிழமை கிளை மேலாளருக்கு இரண்டு மனுக்கள் போயின. வியாழக்கிழமை வந்தது, போனது. நீட்டிப்பு அடிவாரத்தில் வேறு ஏதோ தடத்துக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம்.

கை தூக்கச் சொல்லியிருந்தால் ஆலத்தூருக்காவது பேருந்து போயிருக்கும். கோகிலா அப்போதும் நடந்துதான் போயிருப்பாள். இதை நான் எத்தனையோ முறை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். இப்படியும் தோற்கிறாள், அப்படியும் தோற்கிறாள். நடுவில் ஒரே ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெயித்திருந்தாள். அந்தச் சாயங்காலத்தில்தான் நான் கட்சி மாநாடு அறிவித்தேன்.

சடையன் அடுத்த வாரம் மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தார். வேட்டியெல்லாம் ஈரம், மழையில் நடந்தே வந்திருந்தார். நான் பேசியே ஆக வேண்டும் என்று பேசினேன். விடுதியில் சேர்க்கலாம், நான் எழுதி வாங்கித் தருகிறேன் என்றேன்.

"ஆடி மாசம் வந்தா அவ அம்மாவுக்கு முடியாம போயிடுதுங்க. ராத்திரிக்கு ஊட்டுல ஆளு வேணும்" என்றார். "நீங்க நல்லாத்தான் சொல்லிக் குடுத்தீங்க சாமி. அந்த ஊரு சண்டையெல்லாம் புள்ள ஒப்பிக்குது. வடக்க இருக்கறவன் எதுக்கு ஓட்டுப் போடறான், தெக்க இருக்கறவன் எதுக்குப் போடறான்னு எல்லாம் தெரியுது. பொழுதோட ஊடு வந்து சேரத்தான் வழியக் காணோம்."

அவர் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே பாராட்டத்தான் வந்திருந்தார். அதைத் தாங்கிக்கொள்வது கஷ்டமாக இருந்தது. தலைமையாசிரியர் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். அவர் கையிலிருந்து 'பேசுக' இல்லாமல் போன ஒரே காகிதம் அதுதான் என்று நினைக்கிறேன்.

கோகிலாவின் தொகுதிக்கு முறைப்படி இடைத்தேர்தல் நடத்தியிருக்க வேண்டும். நடத்தவில்லை. சத்துணவுக் கூடத்தில் இரண்டு வரிசை மட்டும் அந்தக் கல்வியாண்டு முடிகிறவரை இரண்டாகவே இருந்தது. அதைக் கலைக்க நான் செய்த முயற்சிகளைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள்; பெல்ஜியத்தில் ஒட்டவில்லையே, இங்கே மட்டும் எப்படி ஒட்டும் என்று ஒருத்தன் கேட்டான். அதன்பிறகு அந்தப் பாடத்தைப் புத்தகத்தில் இருக்கிறபடி வாசித்துவிட்டு, முக்கியமான வரிகளை அடிக்கோடிடச் சொல்லிவிட்டு வந்தேன். தேர்ச்சி விகிதத்தில் ஒரு குறையும் இல்லை.

ஸ்டெல்லா டீச்சர், முறை இதுதான். வேண்டிய பொருட்கள்: இரண்டு பிஸ்கட் டப்பா, இரண்டு நிறக் காகிதம். பிள்ளைகள் கையில் உண்மையான அதிகாரம் எதையும் தந்துவிடாதீர்கள். தந்தீர்கள் என்றால், வெள்ளிக்கிழமையே எழுதி வாங்கிவிடுங்கள்.

விருப்ப ஓய்வுக் காகிதங்களைக் கொடுக்க நாமக்கல்லுக்கு இறங்கிக்கொண்டிருந்த அன்று, சோளக்காட்டில் ஒரு பெண் இரண்டு மூட்டை அன்னாசிப் பழத்தோடு ஏறி, என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை. நான் அடையாளம் தெரிந்துகொள்வதற்குள் அவளே சொன்னாள்: "கோகிலாங்க சார். பிரெஞ்சுப் பக்கம்."

சந்தைக்குப் பழம் கொண்டுபோகிறாளாம். கல்யாணமாகிச் சோளக்காட்டுப் பக்கமே இருக்கிறாளாம். அப்பா இருக்கிறாராம், கண் மங்கிவிட்டதாம். பிரபு திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறானாம், தேர்தலுக்குக்கூட ஊருக்கு வருவதில்லையாம். நான் அவள் குழந்தையிடம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன். நாலைந்து வளைவுகள் கழிந்தன.

"சார், ஒன்னு கேக்கோணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டிருந்தேனுங்க."

எப்போதாவது இது வரும் என்று தெரியும். "கேளும்மா" என்றேன்.

"அந்த ஊருல ஒன்றரை வருசம் கெவருமெண்டே இல்லைன்னீங்களே. அப்ப பஸ்ஸு ஓடுச்சுங்களா?"

"அதாவது, பேருந்து அங்கே மத்திய அரசிடம் இல்லை. அந்தந்த மாநிலத்தின் பொறுப்பு. மாநில அரசுகள் அப்போது முறையாக..."

"ஓடுச்சுங்களா, ஓடலைங்களா?"

"ஓடியது."

"பொழுதோடயே வந்துருமா?"

"வந்துவிடும்."

அவள் குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அட போங்க சார்" என்றாள். "இதையா ஒரு பெரிய கஷ்டம்னு வருசம் முழுக்கப் பாடம் எடுத்தீங்க?"